மூன்றாம் வரிசை

பார்வதிபுரம் மேம்பாலம் இறங்கி
அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தபோது
சுஜின் என்று நெஞ்சில் பெயர் குத்திய பையன்
கூரையைத்தான் முதலில் திறந்து காட்டினான்.
பட்டனை அமுக்கினால் வானம்.
எங்கள் ஆஷ்னி வாயைத் திறந்தாள்,
மூடவேயில்லை.

ரெஜின் அதற்குள் குத்தவைத்து
வண்டியின் பின்னடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
“கொக்கி மாட்ட எடமுண்டா?”
“என்ன சார் இழுக்கணும்?”
“தேனீ.”

பையன் சிரித்தான்.
நாங்கள் சிரிக்காததைப் பார்த்து
ஒரு சாயா சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

ஐம்பது பெட்டி தம்பி. பெட்டிக்குப் பதினாலு கிலோ.
தை பிறந்து ரப்பர் தளிர் விட்டால்
அருமனையிலிருந்து களியல்,
களியலிலிருந்து பேச்சிப்பாறை மேடு.
கருக்கலில் வாசல் அடைத்து
இரைந்துகொண்டே இருக்கிற ஓர் ஊரை
உறங்கிப்போன ஊர்கள் வழியாகக் கொண்டுபோக வேண்டும்.
பழைய வண்டி கடைசி ஏற்றத்தில்
முதல் கியரில் நின்று இருமும்.
நான் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பேன்.
எட்டு வருஷமாக அந்தக் கல்
என் காலடியில்தான் பயணம் செய்கிறது.

“இது ஒன்றரை டன் இழுக்கும் சார்.”
ரெஜின் கண்ணாடியை மூக்கில் இறக்கி
அடியிலிருந்த பொடி எழுத்தைப் படித்தார்.
பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் ஒன்றரை டன்.
இல்லையென்றால் எழுநூற்றைம்பது கிலோ.
எங்களுடையது வேர்கிளம்பியில் பற்றவைத்தது.
அதற்குப் பிரேக் கிடையாது,
ஜெபம் மட்டும்தான்.

விலைப்பட்டியலின் முதுகில் கூட்டினேன்.
பெட்டி எழுநூறு. டிரெய்லர் முந்நூறு.
இறக்கங்களில் இத்தனை நாளும்
நாங்கள் இழுத்துப் போகவில்லை,
துரத்தப்பட்டிருக்கிறோம்.

“வீட்ல மொத்தம் எத்தனை பேர் மேடம்?”

நாலு என்றேன் நான்.
ஆறு என்றார் அவர்.
ஒரே நேரத்தில்.

டயரில் எழுதியிருந்ததை
எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்த ஜெரிஷ்
தலை தூக்கவில்லை. ஆனால் வாசிப்பது நின்றது.
அவன் தங்கை டினா
பெர்லினுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.
கேட்டாளா தெரியாது.
போன ஜூனில் கொழுந்தன் வீட்டைப் பூட்டினோம்.
அந்தச் சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது.
தினமும் தொட்டுத் தூசி தட்டுகிறேன்.
என்றாலும் நாக்கு
பழைய கணக்கைச் சொல்லிவிட்டது.

பையன் பின்சீட்டை நிமிர்த்தினான்.
“மூணாவது வரிசை கொஞ்சம் நெருக்கம்தான்,
எப்பவாவது வர்றவங்களுக்கு.”

“எப்பவாவது வாற ஆளு
எங்க வீட்ல கெடையாது.”
தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.
அடுத்த மேசைக்காரர்கள் திரும்பினார்கள்.

பிறகு நானே உள்ளே ஏறினேன்.
முட்டி மோவாயைத் தொட்டது.
சேலை கொளுவிக்கொண்டது.
“இங்க வச்சே ஓட்டுங்க,” என்றேன்,
“வெட்டூர்ணிமடம் வரைக்கும்.”
ஒவ்வொரு வேகத்தடையும் எனக்குத் தெரிந்தது.

கூரை திறக்காத டீசல் வண்டியை எடுத்தோம்.
வானத்துக்கான பணத்தில்
டிரெய்லருக்குப் பிரேக் வைத்தோம்.
ஆஷ்னி இரண்டு நாள் என்னோடு மிண்டவில்லை.

முதல் ராத்திரி எல்லாரும் கிளம்பினோம்.
கல்லை எடுத்து வழக்கம்போல் காலடியில் வைத்தேன்.
முறை போட்டிருந்தேன்:
இன்றைக்குப் பின்வரிசை எனக்கு.
ஆனால் ஜெரிஷ் முன்னமே அங்கே ஏறியிருந்தான்.
“மாறி இரு மக்கா, ஒனக்குக் காலு நீளம்.”
“வேண்டாம் சித்தி.
இங்க இருந்தாத்தான் அது தெரியும்.”

பின்கண்ணாடியில் நெற்றி வைத்திருந்தான்.
சிவப்பு வெளிச்சத்தில் அடுக்கிய பெட்டிகள்,
மேலே வலை, அதற்கு மேலே ரப்பர் மர இருட்டு.

களியல் தாண்டி வளைவுகள் தொடங்கின.
ரெஜின் கண்ணாடியைப் பார்க்கும் முன்பே
ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னாலிருந்து
ஒரு குரல் வந்தது:
“வருது.”
கொஞ்ச நேரம் கழித்து,
“வருது.”